பத்து லட்சத்தில் நூறு பங்கு

ஆண்டுதோறும் விருது அறிவிக்கும் அமைப்புகள் உலகில் ஏராளம். அவற்றுள் சற்று விசித்திரமானது அமெரிக்கத் தொடு தோலழற்சிக் கழகம் அளிப்பது. ‘இவ்வாண்டின் ஒவ்வாப் பொருள்’ என்று ஒரு பொருளை அது தேர்ந்தெடுத்து அறிவிக்கிறது. இலக்கிய விருதுகளுக்கு உரிய சிபாரிசும் சலசலப்பும் இதற்குக் கிடையாது. பெற்றவர் ஏற்புரை வழங்குவதும் இல்லை. 2013-ஆம் ஆண்டு அந்தப் பட்டத்தைப் பெற்றது மெத்தில்ஐசோதயசோலினோன். ஒரே மூச்சில் சொல்லச் சிரமமான பெயர் என்பதால் மருத்துவர்களைப் போல நாமும் எம்.ஐ. என்றே அழைப்போம். முகக் களிம்பு, ஷாம்பூ, குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்துணி ஆகியவை கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்பட்ட பொருள் அது. களிம்பைக் காத்தது, பூசியவரின் தோலைக் கைவிட்டது.

களிம்புக்கு எதற்குக் காப்புப் பொருள் என்று கேட்பவர்கள் நம் வீட்டு ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொண்டால் போதும். ஈரக் கரண்டியைப் போட்டு வசை வாங்காத பிள்ளை தமிழ் வீடுகளில் இருக்க முடியாது. நீர் புகுந்த இடத்தில் நுண்ணுயிர் புகும். வெறும் எண்ணெயும் மெழுகும் எளிதில் பூசணம் பூக்காது; அதில் நீரைக் கலந்து குழைத்தால்தான் சிக்கல் தொடங்கும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவர் காலன் பெயரால் வழங்கும் குளிர்களிம்பு தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், நீர் ஆகியவை சேர்ந்தது. அதை அவ்வப்போது செய்து அவ்வப்போதே தீர்க்க வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் அழகுப் பொருளோ ஆலையில் செய்யப்பட்டு, கப்பலில் பயணம் செய்து, கடை அலமாரியில் மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு குளியலறையில் ஈரவிரல்களால் ஓராண்டு தோண்டப்படுவது. பாதுகாப்பற்ற களிம்பு என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. கைக்களிம்புக் குப்பியில் வளர்ந்த க்ளெப்சியெல்லா கிருமி நோயாளிகளின் இரத்தத்தில் நஞ்சேறக் காரணமானதை 1967-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. ஆகவே காப்புப் பொருளே வேண்டாம் என்னும் வாதத்தை இந்தக் கட்டுரை முன்வைக்கவில்லை. காப்புப் பொருள்கள் ஒன்றின் இடத்தில் ஒன்றாக எப்படி மாற்றப்பட்டன, மாற்றியபோது எது மறக்கப்பட்டது என்பதே இங்கு பேச்சு.

முதலில் கொஞ்சம் வேதியியல், அதிகம் இல்லை. எம்.ஐ. மூலக்கூறின் எடை 115. தோலின் மேலடுக்கைத் தடையின்றிக் கடக்கும் அளவுக்குச் சிறியது. அதன் வளையத்தில் கந்தகமும் நைட்ரஜனும் கைகோத்திருக்கும் பிணைப்பு எளிதில் அறுபடக்கூடியது. அறுபட்டதும் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். நுண்ணுயிரின் நொதிகளை இப்படிப் பற்றி முடக்குவதால்தான் அது கிருமிக்கொல்லி. மனிதத் தோலின் புரதங்களையும் அப்படியே பற்றுகிறது. பற்றிய புரதம் உடலுக்கு அந்நியமாகிவிடுகிறது. நோய்க்காப்பு அணுக்கள் அதை எதிரியெனக் குறித்துக்கொள்கின்றன. இரத்த வகைகளைக் கண்டறிந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லாண்ட்ஸ்டைனர், பிற்காலத்தில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் இருந்தபோது, மிகச் சிறிய வேதிப்பொருள்களும் கினிப்பன்றிகளின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதை 1935-இல் காட்டினார். 1942-இல் மெரில் சேஸுடன் சேர்ந்து, அந்த நினைவு இரத்த நீரில் இல்லை, அணுக்களில் இருக்கிறது என்று நிறுவினார். நினைவு என்ற சொல்லை உவமையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒருமுறை குறித்துக்கொண்ட அணுக்கள் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. முன்பு பொறுத்துக்கொண்ட அளவில் சிறு துளியே அதன்பிறகு போதும்.

ஆக, கொல்லும் குணமும் ஒவ்வாமை தரும் குணமும் இந்தப் பொருளில் இரண்டல்ல, ஒன்றே. ஒன்றை நீக்கி மற்றதை வைத்துக்கொள்ள வழியில்லை. அளவை மட்டுமே குறைக்கலாம். எம்.ஐ.யின் வரலாறு முழுவதும் அந்த அளவைப் பற்றியதுதான்.

ஒவ்வாமையைக் கண்டறியும் கருவி அதற்கு நெடுங்காலம் முன்பே தயாராகிவிட்டது. பாதரசக் களிம்பு பூசியதால் தோல் வெந்துபோன நோயாளிகளைக் கண்ட யோசெஃப் யாடசோன், அதே பாதரசத்தை அவர்கள் தோலின் ஒரு சிறு பகுதியில் ஒட்டி, அழற்சி மீண்டும் எழுவதை 1895-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கூடிய மருத்துவர்கள் முன் விளக்கினார். ஒட்டுச் சோதனை அங்கே பிறந்தது. இன்றும் முறை அதுவே: முதுகில் சிறு தட்டுகளில் ஐயத்துக்குரிய பொருள்களை வைத்து ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, மேலும் சில நாள் கழித்துப் பார்ப்பது. எந்தப் பொருள் சிவந்து தடிக்கிறதோ அதுவே குற்றவாளி. இந்த முறையில் ஒரு குறை உண்டு. முதுகில் எதை வைத்தோமோ அதை மட்டுமே அது காட்டும். வைக்காத பொருளைப் பற்றி முதுகு வாய் திறக்காது.

எம்.ஐ. தனியாக வருவதற்கு முன் ஒரு கூட்டாளியுடன் வந்தது. 1980 வாக்கில் ரோம் அண்ட் ஹாஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ‘கேத்தான் சி.ஜி.’ ஐரோப்பிய அழகுப் பொருள்களுக்குள் நுழைந்தது. குளோரின் சேர்ந்த மெத்தில்குளோரோஐசோதயசோலினோன் மூன்று பங்கு, எம்.ஐ. ஒரு பங்கு கொண்ட கலவை. மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்ததால் தயாரிப்பாளர்கள் கொண்டாடினார்கள். சில ஆண்டுகளிலேயே ஸ்வீடனின் மால்மோ நகரத் தோல் மருத்துவர்களும், நெதர்லாந்தில் அன்டோன் டி க்ரூட்டும் எச்சரிக்கத் தொடங்கினர். கலவையின் அளவு பத்து லட்சத்தில் முப்பது பங்கிலிருந்து 1989-இல் பதினைந்துக்குக் குறைக்கப்பட்டது. அலை தணிந்தது, முற்றிலும் ஓயவில்லை.

இடையில் இன்னொரு பொருள் வந்து போனது. மெத்தில்டைப்ரோமோ குளுட்டாரோநைட்ரைல் என்பது அதன் பெயர். கேத்தானுக்கு மாற்றாகப் பரவி, கேத்தானைப் போலவே ஒவ்வாமை அலையை எழுப்பி, 2000-களில் முதலில் பூசி விடும் களிம்புகளிலிருந்தும் பிறகு கழுவிவிடும் பொருள்களிலிருந்தும் ஐரோப்பாவில் நீக்கப்பட்டது. புதிய பொருள் வருகிறது, பரவுகிறது, நோயாளிகள் பெருகுகிறார்கள், சட்டம் வருகிறது, அந்த இடத்தில் இன்னொரு புதிய பொருள் அமர்கிறது. எம்.ஐ. தனியாக வரும்போது இந்த நாடகம் குறைந்தது இரண்டு முறை நடந்து முடிந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் உயிரோடிருந்தார்கள்.

இனி பாராபென்கள். 1920-களிலிருந்தே மருந்திலும் பின்னர் அழகுப் பொருளிலும் புழங்கிய, ஒவ்வாமை தருவதில் மிகச் சாதுவான பொருள்கள் அவை. 2004-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப்பா டார்ப்ரேயின் குழு, மார்பகப் புற்றுக்கட்டிகளின் 20 மாதிரிகளை ஆராய்ந்து அவற்றில் பாராபென் இருப்பதாக வெளியிட்டது. பாராபென்னால் புற்று வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கட்டியற்ற திசுவோடு ஒப்பிடவும் இல்லை. ஆனால் செய்தித்தாள்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ‘பாராபென் அற்றது’ என்ற வாசகம் புட்டிகளின் நெற்றியில் ஏறியது. (பாராபென்கள் ஹார்மோன்களைப் பாதிக்குமா என்பது வேறு விவாதம். அவற்றுள் ஐந்தைப் போதிய தரவு இல்லை என்று 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. வேறு சிலவற்றின் அளவைக் குறைத்தது.) அதே தோலழற்சிக் கழகம் 2019-இல் பாராபென்களை ‘இவ்வாண்டின் ஒவ்வாமை தராப் பொருள்’ என்று அறிவித்துக் கௌரவித்ததை ஒருவகை மன்னிப்புக் கடிதமாகவே நான் வாசிக்கிறேன். கடிதம் வந்து சேர்வதற்குள் பாராபென் காலி செய்த நாற்காலிகள் பலவற்றில் எம்.ஐ. அமர்ந்தாகிவிட்டது.

அது தனியே வந்ததற்கான காரணம் தர்க்கபூர்வமானது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேத்தான் கலவையில் கொடியது குளோரின் சேர்ந்த கூட்டாளி. விலங்குச் சோதனைகளில் எம்.ஐ. அதைவிடப் பலமடங்கு சாது. எனவே கொடியவனை விலக்கிச் சாதுவை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று எண்ணினார்கள். ஆனால் முன்பே சொன்னபடி இரு குணமும் ஒன்று. ஒவ்வாமையில் சாதுவானது கிருமியைக் கொல்வதிலும் சாதுவாகவே இருந்தது. அதே வேலையைச் செய்ய அதிக அளவு தேவைப்பட்டது. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் எம்.ஐ.யை அழகுப் பொருள்களில் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை அனுமதித்தது.

இங்கே பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பழைய கலவையின் உச்சவரம்பு 15. அதில் நான்கில் ஒரு பங்கு எம்.ஐ. என்றால் 3.75. புதிய வரம்பு 100. மக்களின் தோலில் படக்கூடிய எம்.ஐ.யின் அளவு ஒரே கையெழுத்தில் ஏறக்குறைய 27 மடங்கு உயர்ந்தது. ‘சாது’ என்ற சொல் இந்தக் கணக்கை மறைத்துவிட்டது. ஒரு பொருள் இன்னொன்றைவிட வீரியம் குறைந்தது என்பது ஒப்பீடு மட்டுமே. அதைக் கொண்டு இவ்வளவு வரை பூசலாம் என்று முடிவு கட்ட இயலாது. மேலும் அந்த நூறு பங்கு ஒரு பொருளுக்கான கணக்கு. காலையில் ஷாம்பூவில், பிறகு முகக் களிம்பில், பாத்திரம் துலக்கும் திரவத்தில், கைகழுவும் சோப்பில், குழந்தையைத் துடைக்கும் ஈரத்துணியில் என ஒரே பெண்ணின் ஒரே கைகளில் எத்தனை நூறுகள் படும் என்று எவரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சில நூறு தன்னார்வலர்களிடம் தோன்றாத விளைவு கோடிக்கணக்கானவர்களிடம் தோன்றும் என்பதும் புதிய கண்டுபிடிப்பல்ல.

எச்சரிக்கை இல்லாமலும் போகவில்லை. அனுமதி கிடைப்பதற்கு முந்தைய ஆண்டான 2004-இலேயே, கேத்தானைக் குறித்து எச்சரித்த அதே மால்மோவிலிருந்து மார்லீன் இசாக்சன் குழுவினர் எம்.ஐ.யால் தொழிலிடத்தில் நேர்ந்த ஒவ்வாமையைப் பதிவு செய்தார்கள். சுவர்த்தாள் ஒட்டும் பசை ஒருவருக்குக் காரணம். செறிவான கிருமிக்கொல்லி பட்டு வெந்தது இன்னொருவருக்கு. 2006-இல் டென்மார்க்கின் வண்ணப்பூச்சுத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் அது கண்டறியப்பட்டது. ஆலைத் தொழிலாளியின் கையில் தோன்றிய புண்ணை அழகுப் பொருள் உலகம் தன் செய்தியாகக் கருதவில்லை. வேறு துறை, வேறு செறிவு, வேறு மனிதர்கள். தொழிலாளியின் தோலும் முகக் களிம்பு பூசும் சீமாட்டியின் தோலும் ஒரே நினைவு அணுக்களைக் கொண்டவை என்பதை ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. கோபன்ஹேகனை அடுத்த கென்டோஃப்ட் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2,536 நோயாளிகளின் முதுகில் எம்.ஐ.யைத் தனியே ஒட்டிப் பார்த்து, 1.5 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை இருப்பதை 2010-இல் அறிவித்தார்கள். காரணங்களில் முன்னணியில் நின்றவை அழகுப் பொருள்கள்.

‘தனியே ஒட்டி’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான மருத்துவமனைகளில் அப்போது எம்.ஐ. தனியாகச் சோதிக்கப்படவில்லை. கேத்தான் கலவையை ஒட்டினால் போதும், அதற்குள் எம்.ஐ.யும் இருக்கிறதே என்று எண்ணியிருந்தார்கள். வழக்கமாக ஒட்டப்பட்ட கலவை பத்து லட்சத்தில் நூறு, அதில் எம்.ஐ. வெறும் இருபத்தைந்து. எம்.ஐ.க்கு மட்டும் ஒவ்வாமை கொண்டவரின் முதுகைச் சிவக்க வைக்க அது பல வேளைகளில் போதவில்லை. பின்னர் இரண்டாயிரம் பங்கு அளவில் எம்.ஐ.யைத் தனியே ஒட்டத் தொடங்கியபோது, கலவைச் சோதனை ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டினரைத் தவறவிட்டிருந்தது தெரியவந்தது. அந்த நாற்பது விழுக்காட்டினரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முகம் வீங்கி, கண்ணிமை உரிந்து மருத்துவமனை செல்கிறார்கள். முதுகில் பட்டியலிட்டு ஒட்டி, எதற்கும் ஒவ்வாமை இல்லை என்று அனுப்பிவைக்கிறார்கள். உரிந்த தோலுக்கு இதமாக ஒரு களிம்பு வாங்குகிறார்கள். அந்தக் களிம்பிலும் எம்.ஐ. இருக்கிறது.

குழந்தைகளின் கதை இன்னும் கொடுமை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் இருவர், ஈரத்துணியால் ஒவ்வாமைக்கு ஆளான ஆறு குழந்தைகளைப் பற்றி 2014-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் எழுதினார்கள். வாயைச் சுற்றியும் பிட்டத்திலும் சிவந்த தடிப்பு. படை என்றும் தொற்று என்றும் மருந்துகள் மாற்றி மாற்றித் தரப்பட்டிருந்தன. ஈரத்துணியை நிறுத்தியதும் தோல் ஆறியது. துடைத்துத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த வீடுகள் அவை என்பதை நினைக்கும்போது மனம் சற்றுக் கனக்கிறது. அக்கறையே அங்கே நோயைக் கொண்டுவந்திருக்கிறது.

2013-ஆம் ஆண்டுக்குள் ஐரோப்பாவின் பல மருத்துவமனைகளில் எண்ணிக்கை வேகமாக ஏறிவிட்டது. போர்ச்சுகலின் மார்கரிடா கொன்சாலோவும் பெல்ஜியத்தின் ஆன் கூசென்ஸும் அவ்வாண்டு எழுதிய தலையங்கத்தின் தலைப்பில் ரோம் எரிவதை நினைவூட்டினார்கள். பிடில் வாசித்தவர் யாரென்று தலைப்பில் சொல்லாதது மருத்துவ இதழ்களின் நாகரிகம். அந்த டிசம்பரில் தொழில்துறைக் கூட்டமைப்பே தோலில் விடப்படும் பொருள்களிலிருந்து எம்.ஐ.யை நீக்குமாறு தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்தது. ஒன்றியத்தின் அறிவியல் குழுவும் அதே மாதம் பூசி விடும் பொருள்களில் எந்த அளவும் பாதுகாப்பானதாகக் காட்டப்படவில்லை என்றும், கழுவிவிடும் பொருள்களில் பதினைந்து பங்கே பாதுகாப்பானது என்றும் கருத்துரைத்தது. பூசி விடும் பொருள்களுக்கான தடை நடைமுறைக்கு வந்தது 2017 பிப்ரவரியில். கழுவிவிடும் பொருள்களில் பதினைந்தாகக் குறைந்தது 2018-இல். கருத்துரைக்கும் தடைக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல். அமெரிக்காவில் அத்தகைய சட்டத் தடை வரவில்லை. அங்கே தொழில்துறை நிதியில் இயங்கும் நிபுணர் குழு, கழுவிவிடும் பொருள்களில் நூறு பங்கு பாதுகாப்பானது என்றே 2014-இல் முடிவு செய்தது.

ஐரோப்பாவில் தடைக்குப் பின் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். சட்டம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தோல் மருத்துவத்தில் அரிது. ஆயினும் எனக்குள் ஒரு கேள்வி நிற்கிறது. இங்கே எவரும் சதி செய்யவில்லை. எல்லாப் படிகளும் ஏதோ ஒரு குழுவின் கையொப்பத்துடன்தான் ஏறப்பட்டன. அந்தக் குழுக்கள் கேட்ட சான்று எது? விலங்குச் சோதனையும் வேதியியலும் முன்னிரு அலைகளின் அனுபவமும் அனுமதியைத் தடுக்கப் போதவில்லை. போதியது நோயாளிகளின் எண்ணிக்கை. அதாவது சோதனை உண்மையில் நடந்த இடம் சந்தை. அதில் பங்கேற்றவர்கள் ஒப்புதல் படிவம் எதிலும் கையெழுத்திடவில்லை.

குறைந்தது புதியவர்களின் எண்ணிக்கை மட்டுமே. ஏற்கெனவே ஆளானவர்களின் அணுக்கள் சட்டத் திருத்தங்களைப் படிப்பதில்லை. அழகுப் பொருளின் புட்டியில் உட்பொருள் பட்டியல் அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பாவில் 1997 முதல் கட்டாயம். பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துத் தப்பிக்கலாம். வண்ணப்பூச்சு வாளிக்கு அப்படி முழுப் பட்டியல் கிடையாது. நீரில் கரைந்த சுவர் வண்ணங்கள் கெடாமலிருக்கவும் இதே குடும்பத்துப் பொருள்களே சேர்க்கப்படுகின்றன. பதினைந்து பங்குக்கு மேல் எம்.ஐ. இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கை தரவேண்டும் என்ற விதி 2020 மே மாதம்தான் கட்டாயமானது. எச்சரிக்கையைப் படிப்பவர் வண்ணம் அடிப்பவர். அந்த அறைக்குள் பிறகு நுழைபவர் வாளியைப் பார்ப்பதே இல்லை. புதிதாக வண்ணம் பூசிய சுவரிலிருந்து நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், ஆவியாகி வரும் துளியளவே அவர் முகம் வீங்கப் போதும். சிலருக்கு மூச்சும் இழுக்கும். எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மாற்று, எம்.ஐ. தனியாகச் சந்தைக்கு வருவதற்கு முன்பே, கேத்தான் கலவையின் காலத்திலேயே தெரிந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டு அதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒயினிலும் உலர்பழத்திலும் சேர்க்கப்படும் சல்ஃபைட்டின் இனத்தைச் சேர்ந்த பைசல்ஃபைட் உப்பை நீரில் கரைத்துச் சுவர்மேல் பூசுவது. உப்பின் கந்தகம் காப்புப் பொருளின் வளையத்தைப் பற்றி உடைத்துவிடும். புரதத்துக்காகக் காத்திருந்த பிணைப்பு உப்போடு முடிந்துபோகிறது. அதன்பின் நோயாளி அந்த அறைக்குள் போய் உட்கார முடிந்தது.